நாலு வரைக்கும்

அஞ்சு ரோட்டில், டயர்க் கடைக்கு மேலே மூன்றாம் மாடி.
ஏசி சொட்டும் வாளியைத்
தில்ஷாத்தும் நானும் முறை வைத்துக் கொட்டுகிறோம்.
வெண்பலகையில் நாலு மாதமாய் அழிக்காத ஒரு வரி:
மூன்று தட்டலில் ஒரு மனுஷக் குரல்.

முதல் திரைக்கு நீலம். நீலம் அமைதியாம்.
இரண்டாவதில் ஐந்து முகங்கள்,
அழுகையில் தொடங்கிச் சிரிப்பில் முடியும்.
இன்று உங்கள் மனம் எப்படி?
இந்தியில், ஒடியாவில், வங்காளத்தில்
இதையே பெயர்த்து வாங்கிய பில்
இன்னும் பாஸ் ஆகவில்லை.

போன வியாழன் ஏற்காட்டுக்குக் கொண்டுபோனோம்.
பதினொன்றாம் வளைவில் தில்ஷாத் வாந்தியெடுத்தாள்.
பதினாலில் என் போனில் கோடுகள்
ஒவ்வொன்றாய் இறங்கின.
மஞ்சக்குட்டை தாண்டி எஸ்டேட் லயன்.
ஓர் அறை, ஆறு ஆள், ஒரு போன்.

சுக்ரா ஒராவ்ன், கும்லா ஜில்லா.
காப்பிப் பழக் கறை பிடித்த விரலைச்
சட்டையில் துடைத்துவிட்டுத் திரையைத் தொட்டான்.
பெயர் கேட்டது, கொடுத்தான்.
நம்பர் கேட்டது,
எல்லா இடத்திலும் கொடுக்கிற நம்பரைக் கொடுத்தான்.
ஓடிபி
களத்தில் நின்ற மேஸ்திரியின் பாக்கெட்டில் போய் மணியடித்தது.

"மனநலமா? எவன்டா அது?"

நானும் தில்ஷாத்தும் ஒருவரை ஒருவர் பார்த்துக்கொள்ளவில்லை.
இரண்டாவது தட்டலிலேயே
ஆளைக் காட்டிக்கொடுத்தாயிற்று.

மேஸ்திரி கெட்டவர் இல்லை, அதையும் எழுத வேண்டும்.
"முடியலைன்னா ஊருக்குப் போடா, டிக்கெட் நான் போட்டுத் தர்றேன்."
சுக்ரா பயந்தது அந்த நல்ல மனசுக்குத்தான்.
ஊரில் உழவு மாடு இரண்டும் அடகில் நிற்கின்றன.

ஐந்து முகத்தையும் நெடுநேரம் பார்த்தான்.
இதில் தூங்காதவன் எவன் என்று கேட்டான்.
ஒரு முகத்துக்கும்
நாங்கள் இமை வரையவில்லை.

எவ்வளவு காலமாக?
நாள், வாரம், மாதம்: ஒன்றைத் தேர்ந்தெடுக்கவும்.
பூ மழையிலிருந்து, என்றான்.
பங்குனியில் ஒரே ஒரு மழை,
எட்டாம் நாள் செடியெல்லாம் வெள்ளை.
அன்றைக்கு ஊரிலிருந்து ஒரு போன் வந்தது.
மேற்கொண்டு சொல்லவில்லை.
கேட்க எங்களிடம் படிப்பும் இல்லை, பட்டனும் இல்லை.

ராத்திரியில் எத்தனை தரம் விழிப்பு வரும்?
விரல் மடக்கித் தன் குடுக் மொழியில் எண்ணினான்.
ஒண்ட்டா, ஏண்ட், மூந்த், நாக்…
நிமிர்ந்தேன்.
மூந்த்?
இரண்டு ராத்திரி ரயிலுக்கு அப்பாலிருந்து
என் ஒன்றாம் வகுப்பு அவன் விரலில் மடங்கிக்கொண்டிருந்தது.
கண்ணைத் தொட்டுக் காட்டினேன்: தொண்டை காறி, "கன்."
அவனைக் காட்டி, நீ? என்னைச் சுட்டி, "நீன்."
தன் நெஞ்சில் கை வைத்து, "ஏன்."

அவனுக்கு நான் என்றால் ஏன்.

ஐந்தாம் விரலுக்கு மட்டும்
அக்கம்பக்கத்து மொழியில் கடன் வாங்கிய சொல்.
தில்ஷாத் சிரித்தாள், அவனும் கொஞ்சம்.
உறவு முறை கண்டுபிடித்து என்ன,
அவன் தூக்கத்தில் ஒரு நிமிஷம் கூடவில்லை.

இறங்கி வந்து வெட்டத் தொடங்கினோம்.
பெயர் கிடையாது. நம்பர் கிடையாது. ஓடிபி கிடையாது.
நீலமும் போயிற்று.
முகங்கள் நாலு, நாலுக்கும் இமை.
ஐகானை டார்ச் லைட் போல வரைந்தாள் தில்ஷாத்,
லயனில் யாரும் எதற்கென்று கேட்காத ஒரே பொருள்.
குடுக் பேசும் ஆலோசகர் என்று தேடினால்
கிடைப்பவர் ஒருவர்:
ராஞ்சியில் சுஷ்மா டோப்போ,
செவ்வாய் இரவு ஏழிலிருந்து ஏழு நாற்பது.

இன்று செவ்வாய்.
ஏழு நாலுக்குத் திரையில் ஒரு புள்ளி எரிந்தது.
பழம் அரைக்கும் கொட்டகைக்குப் பின்னால்
சிக்னல் கிடைக்கும் சவுக்கு மரம் ஒன்று உண்டு.
அங்கிருந்தா, யாரோ வேறொருவனா?
பன்னிரண்டாம் நிமிஷம் அணைந்தது.
மேகமா, மேஸ்திரியா,
இன்றைக்கு இது போதும் என்று வைத்துவிட்டானா?
எங்களுக்குத் தெரியக் கூடாது என்று
எழுதி வைத்ததே நாங்கள்தான்.

வாளி நிரம்பி வழிகிறது.
இன்று என் முறை.